உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி... காட்டுக்குள் மா. கிருஷ்ணனின் 'சூப்பர் பாண்டரோஸா'!

காட்டுயிர் போட்டோ எடுப்பவர்கள் தங்கள் கேமராவுக்குச் செல்லப்பெயர் வைப்பதுண்டு. மா. கிருஷ்ணன் தன் கேமராவுக்கு வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோஸா'. கேட்டதும் ஏதோ விலை உயர்ந்த ஜெர்மன் மாடல் என்று தோன்றும். ஆனால், உலகத்தில் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் கிடைத்திருக்காது. அப்படியொரு மாடலை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை.

கேமரா உடம்பு ஒரு கம்பெனி. டெலிபோட்டோ லென்ஸ் இன்னொரு கம்பெனி. மற்ற உறுப்புகள் வேறு எங்கிருந்தெல்லாமோ வந்தவை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பொருத்தியவர் கிருஷ்ணனேதான். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து, காட்டுயிர் போட்டோகிராபராகப் பெயர் வாங்கிய இ.பி. ஜீ அந்தக் கருவியை நேரில் பார்த்தவர். ஷூ கயிறு போட்டுக் கட்டியிருந்ததா என்று தெரியாது, எங்கேயாவது கம்பி போட்டு முறுக்கியிருப்பார் என்று அன்போடு கேலி செய்து எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'பாண்டரஸ்' என்றால் கனமான, எளிதில் அசையாத என்று பொருள். அப்படிப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த ஒட்டுப்போட்ட கேமராவைத் தூக்கிக்கொண்டுதான் அவர் பல ஆண்டுகள் இந்தியக் காடுகளைச் சுற்றினார். யானை, காட்டெருது, புள்ளிமான் என்று அவர் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களை இன்றைக்கும் காட்டுயிர் போட்டோகிராபர்கள் பாடமாகப் பார்க்கிறார்கள். லட்ச ரூபாய் ஜூம் லென்ஸ் வாங்கி, முதுமலைக்குப் போய், திரும்பி வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "என்னங்க இது, மானை விட புதர் ஷார்ப்பா இருக்கு" என்று நொந்துபோகிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்கள் இந்த மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

மயிலாப்பூரில் நரி ஓடிய காலம்

1912 ஜூன் 30. திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். வீட்டில் எட்டுக் குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அதே மாதவையாதான். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர், அரசாங்கத்தின் உப்பு, ஆப்காரி இலாகாவில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் பெருங்குளம். சென்னையில் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், கட்டிய வீட்டுக்கும் ஊரின் பெயரையே வைத்தார், 'பெருங்குளம் ஹவுஸ்'.

அந்தச் சாலையில் இன்று சிக்னலில் நிற்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அப்போது மயிலாப்பூர்ப் பக்கம் புதர்க்காடு இருந்தது. நரி உண்டு, வெளிமான் உண்டு, பறவைகளுக்குக் கணக்கே இல்லை. 11 வயதில் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார்.

1925-ல் மாதவையா இறந்தார். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயதுதான். மூத்த அக்கா லட்சுமிதான் அவரை வளர்த்தார். அண்ணன் மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார், ஆங்கிலத்தில் நாவலும் எழுதினார். இன்னொரு அக்கா முக்தா, பூக்களை வாட்டர்கலரில் வரைந்து பேர் எடுத்தவர். இப்படி ஒரு வீட்டில் கடைசிப் பிள்ளை மட்டும் படிப்பில் சுமார்.

இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு 1927-ல் பிரசிடென்சி கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, கொடைக்கானல் மலைத் தாவரங்களைப் பற்றி எழுதிய அறிஞர். மாணவர்களைச் சும்மா வகுப்பில் உட்காரவைக்கிற ரகம் இல்லை. அவரோடு மலையேறிப் போனதில் கிருஷ்ணனுக்குச் செடி கொடிகள் பழகின. ஃபைசனின் மனைவியிடம் வாட்டர்கலர் பழகினார். பின்னாளில் அவர் கட்டுரைகளோடு வந்த கோட்டோவியங்களில் பெரும்பாலானவை அவர் கையால் வரைந்தவை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஒரு மானின் காது எந்த இடத்தில் மடங்குகிறது என்று பென்சிலால் வரைந்து பார்த்தவருக்கு, ஃபோகஸ் எங்கே விழ வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1931-ல் பி.ஏ., 1936-ல் சட்டப் படிப்பு. வேலைதான் சரியாக அமையவில்லை. அச்சகம், ஓவியப் பள்ளி, ஆல் இந்தியா ரேடியோ என்று கொஞ்சம் கொஞ்ச நாள். நடுவில் தமிழ்ப் பத்திரிகைகளில் படமும் துணுக்கும் வந்துகொண்டிருந்தன. 1937-ல் இந்துமதியுடன் கல்யாணமும் ஆகிவிட்டது. ஏதாவது நிலையான வருமானம் வேண்டுமே!

1942-ல் சண்டூர் மகாராஜாவிடம் வேலை கிடைத்தது. சண்டூர் என்பது இன்றைய கர்நாடகத்தில், பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த குட்டி சமஸ்தானம். அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர்... மீதி நேரத்தில் ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார், குன்றுகளில் சுற்றினார். ஒரு நீதிபதி ஆடு மேய்க்கப் போனதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால், புதர்க்காட்டு உயிர்களை நிதானமாகப் பார்க்க ஆடு மேய்ப்பதைவிடத் தோதான வேலை வேறு எது? 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சம்பளத்துக்குச் சேரவில்லை.

எழுத்தும் படமும்தான் பிழைப்பு. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 46 ஆண்டுகள். 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் காட்டுயிர் போட்டோகிராபரின் டைரி என்று தனித் தொடரே எழுதினார். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரின் வருமானம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு கேமராவும் லென்ஸும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குள் சிக்கியிருந்த காலம் வேறு. கையில் கிடைத்த கேமராவில் கையில் கிடைத்த லென்ஸைப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அரை மில்லிமீட்டர் செய்யும் அநியாயம்

பொருத்துவது என்றால் திருகு போட்டு முறுக்கி முடித்துவிடுகிற சமாசாரம் இல்லை. இங்கேதான் டெலிபோட்டோ தன் வேலையைக் காட்டும்.

ஒரு லென்ஸ், ஃபிலிமிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. சொந்தக் கம்பெனி கேமராவில் மாட்டினால் அந்தத் தூரம் தொழிற்சாலையிலேயே சரியாக வைக்கப்பட்டிருக்கும். வேறு கம்பெனி உடம்பில் மாட்டினால் அந்தப் பொறுப்பு நம்முடையது. உதாரணத்துக்கு 400 மி.மீ. லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்வோம். அதை அரை மில்லிமீட்டர், ஒரு அட்டையின் கனம், தள்ளிப் பொருத்திவிட்டீர்கள். லென்ஸ் வளையத்தை 'முடிவிலி'க்குத் திருப்பி தூரத்து மலையைப் படம் எடுக்கிறீர்கள். மலை மங்கலாகத்தான் விழும். ஏனென்றால் லென்ஸ் உண்மையில் 320 மீட்டர் தள்ளி இருக்கிற மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சரி, மலை போகட்டும். 30 மீட்டர் தள்ளி ஒரு யானை நிற்கிறது. வளையத்தில் 30 என்று வைக்கிறீர்கள். ஃபோகஸ் விழுவதோ சுமார் இரண்டரை மீட்டர் முன்னால். யானைக்கு முன்னால் இருக்கிற புல் அற்புதமாக வந்திருக்கும்!

வளையத்து எண்ணை நம்பாமல், கண்ணாடித் திரையில் பார்த்து ஃபோகஸ் செய்தால் என்ன? செய்யலாம். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. ரிஃப்ளெக்ஸ் வகை கேமராவில் ஒளி கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, தேய்த்த கண்ணாடித் திரையில் விழும். அந்தப் பிம்பத்தைத்தான் நாம் பார்க்கிறோம். ஷட்டரை அமுக்கும்போது கண்ணாடி விலகி ஒளி நேராக ஃபிலிமுக்குப் போகும். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரமும், லென்ஸிலிருந்து ஃபிலிமுக்கு உள்ள தூரமும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரிந்த கூர்மை ஒன்று, ஃபிலிமில் விழும் கூர்மை இன்னொன்று. திரையில் யானையின் கண் பளிச்சென்று தெரிந்தது, நெகட்டிவ்வில் தும்பிக்கை மட்டும் பளிச்சென்று இருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

இன்றைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் 'ஏ.எஃப். ஃபைன் டியூன்', 'மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்' என்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கிற வசதி எதற்கு என்று பலருக்குத் தெரியாது. இதே பழைய வியாதிக்கான மருந்துதான் அது. டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் ஒரு இடத்தில், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. படம் விழுகிற சென்சார் வேறு இடத்தில். இரண்டு பாதைக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் வந்தால் ஒவ்வொரு படத்திலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ தள்ளிப்போகும். மிரர்லெஸ் கேமராவில் படம் விழுகிற சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்வதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

கிருஷ்ணனுக்கு மெனு கிடையாது. அரை மில்லிமீட்டர் தவறு இருந்தால் அதை யாரும் எண்ணாக எழுதிக் காட்டவும் மாட்டார்கள். எடுத்து, கழுவி, நெகட்டிவ்வை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவருக்கு இருந்த ஒரே சௌகரியம், அந்தக் கருவியில் அவர் கை படாத இடம் இல்லை என்பது. எந்த இணைப்பு தளரும், எது பிடிவாதம் பிடிக்கும் என்று பொருத்தியவருக்குத்தானே தெரியும்! புத்தம்புது பெட்டியைப் பிரிக்கிற நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாம் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யானை மேல் ட்ரைபாட் ஏது?

கருவி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? காட்டில் அதை எங்கே வைப்பது?

கிருஷ்ணனுக்குப் பிடித்த இடம், பழக்கிய யானையின் முதுகு. நடந்து போகிற மனிதனைக் கண்டால் காட்டெருது தலையைத் தூக்கும், புள்ளிமான் காலால் தரையைத் தட்டி எச்சரிக்கும். யானை வந்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அதனால் கிட்டே போகலாம். ஆனால், அசையாமல் நிற்கிற யானை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. மாவுத்தர் எவ்வளவு அதட்டினாலும் அது மூச்சு விடும், காதை வீசும், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றும், பக்கத்தில் இருக்கிற மூங்கிலை ஒரு இழு இழுக்கும். மேலே ட்ரைபாடை விரிக்க முடியாது. கனமான கேமராவைக் கையில் ஏந்தி, உடம்பையே ஸ்டாண்டாக்கிக்கொண்டு, யானை மூச்சு விட்டு அடுத்த மூச்சு எடுப்பதற்கு நடுவில் ஷட்டரை அமுக்க வேண்டும்.

டெலிபோட்டோ லென்ஸ் தூரத்துப் பொருளை மட்டும் பெரிதாக்குவதில்லை, கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். 400 மி.மீ. என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது விநாடியில் 400-ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. அன்றைய கறுப்பு-வெள்ளை ஃபிலிமின் வேகம் இன்றைய ஐ.எஸ்.ஓ. கணக்கில் 100, 200, மிஞ்சிப் போனால் 400. காட்டு நிழலில் அந்த ஃபிலிமை வைத்துக்கொண்டு அந்த ஷட்டர் வேகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அபெர்ச்சரை முழுசாகத் திறந்தால் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் கூர்மையின் ஆழம் குறுகிவிடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். தானாகவே நடுக்கத்தைச் சரிசெய்கிற லென்ஸும், ஐ.எஸ்.ஓ. 6400-ல் சுத்தமாகப் படம் எடுக்கிற சென்சாரும் வைத்திருக்கிற நாம் இந்தக் கஷ்டத்தை மறந்தே போனோம்.

அவர் ஜூமும் வைத்திருக்கவில்லை. டெலிபோட்டோவில் இருப்பது ஒரே குவியத்தூரம். யானை கிட்டே வந்துவிட்டால் கேமராவைச் சுருக்க முடியாது, யானையைப் பின்னால் நகர்த்தச் சொல்லவும் முடியாது. அப்போது முகம் மட்டும், காது மட்டும் என்று கிடைத்ததை எடுக்க வேண்டும். இன்றைய 150-600 மி.மீ. ஜூமின் பெரிய வரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 600-ஐப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் இருக்கிற 150-தான் பெரிதாகத் தெரிகிறது.

படம் எடுத்த பிறகும் வேலை முடியாது. ஃபிலிமைக் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அவரேதான். கலர் ஃபிலிம் வந்து, பத்திரிகைகள் எல்லாம் கலருக்கு ஓடியபோதும் அவர் கறுப்பு-வெள்ளையை விடவில்லை. யானை, காட்டெருது போன்ற கரிய உருவங்களைக் கறுப்பு-வெள்ளையில் பிரிண்ட் போடுவது லேசான காரியம் இல்லை. கொஞ்சம் அசந்தால் மொத்த விலங்கும் ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். தோலின் சுருக்கமும், தொடைத் தசையின் வளைவும், கண்ணில் விழுகிற ஒரு பொட்டு வெளிச்சமும் தனித்தனியே தெரிய வேண்டுமானால் நெகட்டிவ்வில் அது ஏற்கெனவே கூர்மையாக இருக்க வேண்டும். லென்ஸ் செய்த தப்பை இருட்டறையில் சரிக்கட்ட முடியாது.

போட்டோவா, சாட்சியா?

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? சுவரில் மாட்டவா?

1968-ல் கிருஷ்ணனுக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று காடு காடாகப் போய்ப் பார்த்து எழுதும் ஆய்வு அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. பெயரே '1959-70-ல் இந்தியாவின் காட்டுயிர்' என்கிற பொருளில்தான் இருக்கும். அதாவது, ஃபெல்லோஷிப் வருவதற்கு முன்னால் தன் பாட்டுக்கு அவர் சுற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அதில் அடக்கம்.

அந்தப் பதினோரு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அணைகள் எழும்பிக்கொண்டிருந்தன, காடுகள் தோட்டங்களாகிக்கொண்டிருந்தன, 1972-ன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் பிறக்கவில்லை. துப்பாக்கியோடு காட்டுக்குப் போவது பலருக்குப் பெருமையாக இருந்தது. ஒரு காட்டில் இன்ன விலங்கு இருக்கிறது, இப்படி வாழ்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு ஆதாரம் வேண்டும். யானைகளைத் தனித்தனியாக அடையாளம் காண ஆய்வாளர்கள் காது விளிம்பின் கிழிசல், மடிப்பு, தந்தத்தின் வளைவு, வால் முடி என்றுதான் பார்க்கிறார்கள். ஃபோகஸ் இரண்டரை மீட்டர் முன்னால் விழுந்திருந்தால் அந்தக் காது விளிம்பு நெகட்டிவ்வில் இருக்காது. அப்புறம் அது 'ஒரு யானை' என்கிற படம்தான், 'இந்த யானை' என்கிற சாட்சி இல்லை.

தெளிவு போதவில்லை என்று இன்னும் பத்தடி கிட்டே போனால்? குட்டியோடு நிற்கிற தாய் யானை மேய்ச்சலை நிறுத்தும், கூட்டம் இடத்தைக் காலி பண்ணும். வேடந்தாங்கல் மாதிரி பறவைகள் கூடு கட்டும் இடத்தில் பெற்றோர் கூட்டை விட்டுப் பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். தமிழ்நாட்டின் அந்தப் பறவைக் குடியிருப்புகளைப் பற்றியும் கிருஷ்ணன் விரிவாக எழுதியிருக்கிறார். தொலைவில் இருந்தே தெளிவாக எடுக்கிற லென்ஸ் இருந்தால் அந்தத் தொந்தரவு இல்லை. ஆக, லென்ஸைச் சரியாக வைத்துக்கொள்வது நம்முடைய திருப்திக்காக மட்டும் இல்லை.

பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் நீண்ட காலம் இருந்தார். 1972-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டும் குழுவிலும் இடம்பெற்றார். குழுக்களில் தலையாட்டுகிற மனிதர் இல்லை. அயல்நாட்டு அலங்கார மரங்களை ஊர் முழுக்க நடுவதை எதிர்த்து அந்தக் காலத்திலேயே சண்டை போட்டவர். நம் மண்ணின் மரமும் செடியும் போனால் விலங்கும் போகும் என்பது அவர் கட்சி. ஃபைசனோடு மலையேறிய பையன் சும்மா ஏறவில்லை!

உங்கள் லென்ஸை எப்படிப் பார்ப்பது?

கிருஷ்ணன் காலத்தில் ஒரு லென்ஸைப் புரிந்துகொள்ள ரோல் ரோலாக ஃபிலிம் செலவாகும். நமக்கு ஒரு காலைப்பொழுது போதும். காசும் செலவில்லை. ஆனால், பலரும் அந்த ஒரு காலையைக் கொடுக்காமல் நேரே சஃபாரி ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள்.

மைதானமோ பூங்காவோ, புல்தரை இருக்கிற இடத்துக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள். வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும் அனல் காற்று பிம்பத்தை நெளிய வைக்கும், லென்ஸ் மேல் பழி விழும். தார் ரோட்டுக்கு மேலாக எடுப்பது இன்னும் மோசம். 600 மி.மீ. என்றால் 15-லிருந்து 30 மீட்டர் தள்ளி, புல்லில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். அதில் ஒரு காகிதத்தில் கறுப்பு எழுத்து ஏதாவது ஒட்டினால் ஃபோகஸ் பிடிக்க வசதி. கேமரா அசையாமல் ட்ரைபாடிலோ மணல் பையிலோ இருக்கட்டும். ட்ரைபாடில் வைத்தால், உங்கள் லென்ஸ் புத்தகம் வேறு மாதிரி சொல்லாதவரை நடுக்கம் தடுக்கும் பட்டனை அணைத்துவிடுங்கள். அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, குச்சியின் மேல் ஃபோகஸ் செய்து எடுங்கள். உடனே லென்ஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு மறுபடி ஃபோகஸ். இப்படிப் பத்துப் படம்.

ஏன் பத்து? ஆட்டோ ஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக அதே இடத்தில் போய் நிற்காது. ஒரே படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் அப்பாவியைத் தூக்கில் போட்ட கதையாகிவிடும். பத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தப் புல் கூர்மையாக இருக்கிறது என்று தெரியும். குச்சிக்கு முன்னால் இருக்கிற புல்லே எல்லாப் படத்திலும் கூர்மை என்றால் ஃபோகஸ் முன்னால் விழுகிறது. பின்னால் இருப்பது கூர்மை என்றால் பின்னால். சில படத்தில் முன்னால், சில படத்தில் பின்னால் என்றால் அது மெனுவில் சரிசெய்கிற கோளாறு இல்லை. நன்றாகப் பளிச்சென்று வெளிச்சம் இருக்கும்போது இன்னொரு முறை பார்த்துவிட்டு, அப்படியே இருந்தால் சர்வீஸ் சென்டர்தான். 600 மி.மீ., எஃப் 6.3, 20 மீட்டர் தூரம் என்றால் முழுச் சட்ட சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். பத்து மீட்டருக்கு வந்தால் ஒரு சாண்கூட இல்லை. மானின் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கிற தூரம் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூம் லென்ஸில் ஒரு கூடுதல் சள்ளை. 600-ல் முன்னால் விழுகிற ஃபோகஸ், 150-ல் சரியாக இருக்கலாம். அதனால் இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். சில கேமராக்கள் இரண்டு முனைக்கும் தனித்தனி எண் கொடுக்க விடும். சிக்மா கம்பெனியின் யு.எஸ்.பி. டாக்கில் இதை இன்னும் விரிவாகச் செய்யலாம். ஜூமில் நான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தொலைவுகள், ஆக 16 எண்கள். பொறுமை இருந்தால் நிரப்பலாம். மான்தான் உங்கள் இலக்கு என்றால் நீளமான முனையில் 20, 30 மீட்டர் தூரத்தைச் சரிசெய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை மறந்துவிட்டு, செங்கல் சுவரையோ விரித்து ஒட்டிய செய்தித்தாளையோ நேர் எதிரே நின்று எடுத்துப் பார்த்தால் போதும். இடது ஓரம் கூர்மை, வலது ஓரம் மட்டும் மங்கல் என்றால் உள்ளே ஏதோ கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியே முழுசாகத் திறந்த அபெர்ச்சரிலும், எஃப் 8-லும் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். விலை குறைந்த ஜூம்கள் பெரும்பாலும் நீளமான முனையில் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், எஃப் 8-க்கு வந்தால் விழித்துக்கொள்ளும். உங்கள் லென்ஸ் எப்படி என்று காட்டுக்குப் போவதற்கு முன்னால் தெரிந்திருந்தால், சிறுத்தை சாலையைக் கடக்கிற நாலு விநாடியில் யோசிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, ட்ரைபாடை வீட்டில் வைத்துவிட்டு, கையில் பிடித்துத் தெருக்காக்கையை எடுத்துப் பழகுங்கள். காக்கை உங்களுக்காக அசையாமல் நிற்காது. கிருஷ்ணனும் புலியை மட்டும் தேடி அலைந்தவர் இல்லை. அவருடைய ஒரு புத்தகத்தின் பெயரே 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'. 1961-ல் வந்தது. காட்டோடு கொல்லைப்புறமும் சரிசமமாக அட்டையில் உட்கார்ந்திருக்கும்.

தமிழிலும் அவர் எழுதினார். கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல்கூட உண்டு. நம்ப முடியாதவர்கள் தேடிப் படிக்கலாம், தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'குளோபல் 500' பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு, 1996 பிப்ரவரி 18 அன்று காலமானார். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவருடைய கடைசிப் பத்தி வெளியானதும் அதே நாளில்தான். பத்தாண்டுகள் கழித்து, 2006-ல், அவருடைய படங்களையும் எழுத்துகளையும் சேர்த்து 'ஐ இன் த ஜங்கிள்' என்ற பெரிய புத்தகம் வந்தது. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். யானைப் படங்களில் காது விளிம்பைக் கவனியுங்கள்.